இரண்டு பேருக்கு ஒரு டிரெய்லர்

நான் ட்ராக்டரை விற்கச் சொன்னேன். அவர் அதை ஏற்றிப்போக ஒரு டிரெய்லர் வாங்குவோம் என்றார். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வாதாடுகிற ஆட்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். யானையை விற்கச் சொன்னால் அதற்குப் புதிதாக அங்குசம் பார்க்கப் புறப்படுகிற மனிதரை நான் என் வீட்டில்தான் கண்டேன்.

அவர் என்பது என் கணவர். ஒஸ்லோவில் நெடுங்காலம் பஸ் ஓட்டியவர். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது பஸ் ஓட்டும் அனுமதி இல்லை. இதயத்தின் பலம் குறைந்துவிட்டது, மருந்து எடுத்துக்கொண்டு கவனமாக இருந்தால் சமாளிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு மருந்து எடுக்கத் தெரியும், கவனமாக இருக்கத் தெரியாது. சும்மா இருக்க அதைவிடத் தெரியாது. மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் வசிக்கும் மாடிவீடுகளின் குடியிருப்பாளர் சங்கம் பனி தள்ளுவதற்கு ஆள் தேடியபோது, பாவித்த சின்ன ட்ராக்டர் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். இருந்துகொண்டு செய்கிற வேலைதானே என்பது அவருடைய வாதம்.

இருந்துகொண்டு செய்கிற வேலை அவருக்கு. நின்றுகொண்டு செய்கிறது எனக்கு. படிகளுக்கும் குறுகிய வாசல்களுக்கும் ட்ராக்டர் போகாது, அங்கே பனி அள்ளுகிற சவளோடு நான் போவேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தும் போவேன், சில நாள் வேலை தொடங்குமுன்னும் போவேன். அவர் நன்றாக வேலை செய்கிறார் என்று பக்கத்துச் சங்கம் ஒன்றும் கூப்பிட்டது. பிறகு பியோர்ண்டாலில் இருந்து ஒன்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டது போதாதென்று, அதன் உறவுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டோம்.

மோர்டென்ஸ்ருட்டில் இருந்து பியோர்ண்டாலுக்குக் காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ட்ராக்டரில் அப்படியில்லை. அது தெருவில் ஊரும். பின்னால் எங்கள் வான் வண்டியில் மஞ்சள் விளக்கைச் சிமிட்டவிட்டபடி நான் ஊர்வேன். எனக்குப் பின்னால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஊர்வார்கள். இந்த நாட்டில் யாரும் ஹோர்ன் அடிக்கமாட்டார்கள், கண்ணாடியில் முகத்தை மட்டும் காட்டுவார்கள். ட்ராக்டரின் சின்னக் கூண்டுக்குள் சூடு என்று ஒன்று வரும், அது அவருடைய முழங்கால் வரைக்கும்தான் வரும்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, ட்ராக்டர் திடீரென்று பஸ் நிற்கும் இடத்தில் ஒதுங்கி நின்றது. நான் வானை விட்டிறங்கி ஓடினேன். கூண்டுக் கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருக்கிறார்.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை. கண்ணாடி புகாரடிச்சுப் போச்சு. அதுதான் நிப்பாட்டினனான்.”

கண்ணாடி தெளிவாக இருந்தது. அவருடைய முகத்தின் நிறத்தை நான் வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த நிறத்தோடு இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு நாங்கள் தொலைபேசி எடுப்போம். அங்கேயே நின்று, இந்த ட்ராக்டரை விற்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவரும் அங்கேயே இருந்து, இனி இதைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, டிரெய்லரில் ஏற்றித்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முடிவுகளும் மேசையில் மோதிக்கொண்டன.

“உந்தக் குளிருக்குள்ளை இருந்து சாகப்போறியளோ எண்டு கேக்கிறன்.”

“சும்மா வாயிலை வந்ததைக் கதையாதையும். ஹெங்கரிலை ஏத்தினால் நான் வானுக்குள்ளை சூட்டிலை இருப்பன்.”

ஹெங்கர் என்றால் இங்கே டிரெய்லர். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அதன் பிறகு வீட்டில் வேறு கதை இல்லை. சோபாவில் இருந்து போனில் டிரெய்லர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். நான் சோற்றை வடிக்கும்போது, அது சுமக்கும் பாரம் வேறு, அதன் சொந்தப் பாரம் வேறு, இரண்டையும் கூட்டித்தான் சட்டம் பார்க்கும் என்று பாடம் நடத்துவார். ட்ராக்டரின் பாரம் என்று அதன் பத்திரத்தில் இருப்பதை நம்பக்கூடாதாம். அது வெறும் உடம்பின் பாரம். முன்னால் இருக்கும் பனித்தகடு, பின்னால் கற்பொடி தூவுகிற பெட்டி, அதற்குள் இருக்கும் கற்பொடி, சக்கரத்தில் சுற்றும் சங்கிலி எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும். அதோடு டயருக்குள் இருக்கும் தண்ணீரையும்.

“டயருக்குள்ளை என்னத்துக்குத் தண்ணி?”

“வழுக்காமல் இருக்கப் பாரம் வேணுமெல்லோ. உறையாமல் உப்புக் கரைச்சு விட்டுக் கிடக்குது.” தன் வீங்கிய கணுக்காலைக் காட்டினார். “எனக்கும் காலிலை தண்ணி, அதுக்கும் காலிலை தண்ணி. பொருத்தம் பாத்துத்தான் வாங்கினனான்.”

நான் சிரிக்கவில்லை. அகப்பையைக் கழுவப் போனேன்.

டிரெய்லர் வாங்கப்போகிறோம் என்பது எப்படியோ வெளியே போய்விட்டது. அவர்தான் நகரத்துக்குள் குறொன்லாண்ட் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது சொல்லியிருப்பார். பிறகு ஊர் கூடித் தேர் இழுக்கத் தொடங்கியது. மூடின டிரெய்லர் வாங்குங்கோ, கோயில் சாமான் ஏற்றலாம் என்றார்கள். நீளமானது வாங்குங்கோ, வீடு மாறும்போது கட்டில் கொண்டுபோகலாம் என்றார்கள். எங்கள் சமூகத்தில் ஒரு வீட்டில் டிரெய்லர் இருந்தால் அது எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி. ட்ராக்டர் ஏற்றுவதைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக என் தங்கையின் கணவர் வந்தார். கலியாண வீடுகளுக்கு மணவறை சோடிப்பது அவருடைய தொழில். தூண்கள், சிம்மாசனங்கள் ஏற்ற ஒரு மூடின டிரெய்லர் வைத்திருக்கிறார். பக்கவாட்டில் பெரிய மயில் படம் ஒட்டியிருக்கும்.

“அண்ணை, என்னட்டைக் கிடக்க நீங்கள் ஏன் வெளியிலை வாங்கிறியள்? முழு மணவறையே போகுது. உந்தக் குட்டி ட்ரக்டர் போகாதோ?”

என் கணவர் “பாப்பம்” என்றார். எங்கள் ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. பாப்பம் என்போம். கேட்கிறவர் அதை ஓம் என்று எடுத்துக்கொள்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மயில் எங்கள் வாசலில் வந்து நின்றது.

ட்ராக்டரின் கூரையில் இருந்த மஞ்சள் விளக்கைக் கழற்றினால்தான் உள்ளே போகும் என்ற நிலை. கழற்றினார்கள். உள்ளே ஏற்றினால் பனித்தகடு, தூண்களைச் சாய்த்து வைக்கிற மரச்சட்டத்தில் போய் முட்டிவிட்டது. அதற்கு மேல் முன்னுக்குப் போகாது. பாரம் முழுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் விழுந்து, டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி வானின் பின்பக்கத்தையும் தூக்கிப் பிடித்தது. மூக்குப் பக்கம் கொஞ்சம் பாரம் அழுத்தவேண்டும், இல்லாவிட்டால் தெருவில் ஆடும் என்று இரண்டு வாரமாக எனக்குப் படிப்பித்தவர் அவரேதான். அது சரியில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தங்கையின் கணவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகம் நிறையச் சிரிப்போடு நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்து இதை இறக்குவோம் என்று சொல்ல எங்கள் ஆட்களில் எவருக்கு வாய் வரும்? இவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அப்படியே புறப்பட்டோம். தெருவின் இறக்கத்தில் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு வானையும் சேர்த்து இழுத்து ஆடியது. பக்கக் கண்ணாடியில் மயில் வருவதும் போவதுமாக இருந்தது. நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைப் பிடியுங்கோ என்று கத்தினேன். அவர் பிடிக்கவில்லை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்தபடி இருந்தார். வேகம் தானாகக் குறைந்து, ஆட்டமும் குறைந்து, ஒரு ஓரத்தில் போய் நின்றோம்.

“ஆடேக்கை பிரேக்கைத் தொடக்கூடாது,” என்றார். “காலை எடுத்துப்போட்டுப் பேசாமல் இருக்கவேணும்.”

அப்படிச் சொல்லிக்கொண்டே வலது கையால் நெஞ்சைத் தடவினார். பின்கதவைத் திறந்து பார்த்தபோது, மேலே தொங்கவிட்டிருந்த பிளாஸ்ரிக் மல்லிகை மாலை ஒன்று அறுந்து பனித்தகட்டில் சுற்றிக் கிடந்தது. கலியாணத்துக்குப் போகிற ட்ராக்டர் மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தெரு ஓரத்தில் இருந்து அந்த மாலையைச் சிக்கெடுத்தோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார். “நீரும் ஹெங்கர் லைசென்ஸ் எடும்.”

“என்னத்துக்கு? உங்களுக்கு இருக்குத்தானே.”

“இருக்கு. உமக்கும் இருந்தால் நல்லதெல்லோ.”

சாதாரண அனுமதியோடு சின்ன டிரெய்லர்தான் இழுக்கலாம். ட்ராக்டர் ஏறுகிற டிரெய்லருக்கு வேறு அனுமதி, வேறு பரீட்சை. இது பாதி வேலையை என் தலையில் கட்டுகிற யோசனை என்றுதான் நினைத்தேன். நினைத்தபடியே போய்ப் படித்தேன், ஏனென்றால் அவர் நெஞ்சைத் தடவினதை நான் பார்த்திருந்தேன். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க ஆட்களைப் பிரட்டி, குளிக்கவைத்து, சாப்பாடு தீத்திவிட்டு, பிறகு டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளப் பழகப் போவேன். வலப்பக்கம் போகவேண்டுமென்றால் இடப்பக்கம் திருப்பவேண்டும். மூளை களைத்திருக்கும்போது அது விளங்காது. படிப்பித்த பெண்ணுக்கு எனக்கு மகளாக இருக்கும் வயது. பதறாதீர்கள், மெதுவாக என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பதறுவதற்கு எனக்குச் சக்தி எங்கே இருந்தது? முதல் பரீட்சையில் தவறிவிட்டேன். அடுத்ததில் எடுத்தேன். அவர் றோல்ஸ் வாங்கி வந்து கொண்டாடினார், நான் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டேன்.

கோடை முடியப்போகிற நேரத்தில் அவருக்கு ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பரிசோதிக்கும் நாள் வந்தது. எப்போதும் நான் கூடப் போவேன். இந்தமுறை நான் வேலைக்குப் போன நாளாகப் பார்த்துத் தனியப் போய்விட்டு வந்திருந்தார்.

“என்ன சொன்னவை?”

“அதே மருந்துதான். எல்லாம் நல்லம்.”

எல்லாம் நல்லம் என்றால் மேசையில் ஏன் ஒரு புதிய மாத்திரைப் பெட்டி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்த மாத்திரையை என் வேலையிடத்தில் யாருக்குக் கொடுப்போம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் சாவு என்ற சொல்லைக் கோபத்தில் சொல்வோம், உண்மையாகப் பயப்படும்போது சொல்லமாட்டோம். கடைக்குப் போகும்போதுகூடப் போறன் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டோம், போட்டு வாறன் என்றுதான் சொல்வோம். வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று பயம். குளிர்காலம் வரமுன் டிரெய்லர் பார்க்கவேண்டும் என்றார். சரி என்றேன். ட்ராக்டரை விற்கிற கதையை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. அதை எடுத்தால் ஏன் என்று அவர் கேட்பார், நான் சொல்லவேண்டி வரும்.

நகரத்துக்கு வெளியே, பெருந்தெருவுக்குப் பக்கத்தில், கல் போட்ட ஒரு பெரிய முற்றத்தில் டிரெய்லர்களை வரிசையாக நிறுத்தி விற்கிறார்கள். இலையுதிர்காலத்து மழை தூறிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒரு நோர்வேஜியர் கோப்பிக் கோப்பையோடு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு முந்தின நாள் வேலை நீண்டுபோனது. நடக்கும்போதே கண் மூடியது.

ஒன்றில் தளம் உயரம். சக்கரங்கள் தளத்துக்குக் கீழே இருப்பதால் அகலம் தாராளம், ஆனால் ட்ராக்டர் ஏறும்போது செங்குத்தாக ஏறவேண்டும். இன்னொன்றில் சக்கரங்கள் பக்கத்தில், தளம் தரையோடு. ஆனால் பனித்தகட்டைக் கழற்றினால்தான் உள்ளே போகும், அதைக் குளிரில் தினமும் யார் கழற்றுவது? வேறொன்று முழுத் தளமே சாய்ந்து கொடுக்கும், அதைச் சாய்க்கக் கையால் பம்ப் அடிக்கவேண்டும். என் கணவர் குனிந்து நிமிர்ந்து ஒவ்வொன்றுக்கும் கீழே பார்த்தார். குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் நின்று மூச்சை எடுத்தார். விற்கிறவர் அதைப் பார்க்காத மாதிரிக் கோப்பி குடித்தார். நல்ல மனிதர்.

கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். இரும்புக்குத் துத்தநாகம் பூசினது, பனிக்குத் தெருவில் போடும் உப்புக்குத் துருப்பிடிக்காது. நான்கு சக்கரம், ஆடாது. மூன்றரைத் தொன் வரைக்கும் சட்டம் விடும், அதற்குள் நன்றாகக் கீழேதான் எங்கள் கணக்கு. பின்னால் முழு அகலத்துக்கும் ஒரே ஏற்றுப் பலகை, வலைக்கம்பி போட்டது, மேலே மடித்து நிறுத்தலாம். ட்ராக்டர் அதன்மேல் நேராக உருண்டு உள்ளே போகும்.

“இஞ்சை வாரும். இதை ஒருக்காச் சுத்திப் பாரும்.”

டிரெய்லரின் மூக்கைத் தூக்கி இறக்குகிற சின்னச் சக்கரத்தின் கைபிடியைக் காட்டினார். சுற்றினேன். பிறகு வானில் மாட்டுகிற கொளுவியைத் திறந்து பூட்டச் சொன்னார். திறந்து பூட்டினேன். பிறகு கட்டும் பட்டியைக் கொடுத்து, அந்தப் பக்கத்து வளையம் உமக்கு எட்டுதோ என்று கேட்டார்.

“நான் என்ன சீலை எடுக்க வந்தனானோ? உடம்பிலை வைச்சு வைச்சுப் பாக்கிறியள்.”

“பாக்கத்தானே வேணும்,” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. மழையில் நனையாமல் நிற்பதற்காகக் கூரை போட்ட அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கே நின்றால் அவர்கள் கதைப்பது கேட்கும். மாட்டும்போது எவ்வளவு பாரம் கைக்கு வரும் என்று கேட்டார். டயர் காற்றுப்போனால் வீதியில் உதவிக்கு வருவார்களா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் தனிய என்பதற்கு அலேனே என்று சொல்வார்கள்.

“அவ இதை அலேனே செய்யலாமா? எல்லாத்தையும், அலேனே?”

“தாராளமாக,” என்றார் விற்கிறவர்.

அந்தக் கூரைக்குக் கீழே எனக்கு நித்திரை கலைந்துவிட்டது. கைபிடியைச் சுற்றச் சொன்னது, வளையம் எட்டுதோ என்று பார்த்தது, லைசென்ஸ் எடும் என்று சொன்னது, எல்லாம் ஒன்றாக விளங்கியது. நான் நினைத்துக்கொண்டிருந்தது, இந்த மனிதர் அடுத்த பத்துக் குளிர்காலத்துக்கும் தனக்கு வேலை தேடுகிறார் என்று. இவர் தன்னைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தான் இல்லாத காலத்துக்கு ஒரு டிரெய்லர் பார்க்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யாரைக் கேட்டு இதைத் தீர்மானித்தீர்கள் என்று.

“இஞ்சாரும்,” என்று கூப்பிட்டார். “இந்தப் பலகையை ஒருக்காத் தூக்கிப் பாரும். வடிவாப் பிடியும்.”

போய்ப் பிடித்தேன். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது போல. ஒரு கையால் இழுத்ததும் அது கதவு திறப்பதுபோலத் தானாக எழும்பி இடுப்புவரை வந்தது. பாரமே இல்லை. சின்னப் பிள்ளையும் தூக்கும்.

அதை மெல்லக் கீழே விட்டேன். “ஏலாது,” என்றேன்.

“என்ன?”

“பாரமாக் கிடக்குது. ஒராளாலை ஏலாது.”

“நீர் அங்கை ஒவ்வொரு நாளும் எத்தினை பேரைத் தூக்கிறனீர்.”

“அங்கை தனியத் தூக்க விடமாட்டினம். ரெண்டு பேர் சேந்துதான் தூக்கவேணும். அதுதான் சட்டம்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் விளங்காத விற்கிறவர், உதவி செய்கிறேன் என்று வந்து, இரண்டு விரலால் பலகையைத் தூக்கி நிறுத்தி, பாருங்கள் எவ்வளவு லேசு என்று காட்டினார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். மனிதர் பலகையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையில் இல்லாத கோப்பியைக் குடிக்கத் தொடங்கினார்.

என் கணவர் தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறினார். பிறகு பலகையின் மற்றப் பக்கம் போய் நின்றார்.

“சரி. இந்தப் பக்கம் நான் பிடிக்கிறன். தூக்கும்.”

தூக்கினோம். ஒன்றுமில்லாத பாரத்தை இரண்டு பேராக, மிகவும் மெதுவாகத் தூக்கி நிறுத்தினோம். அதையே வாங்கினோம்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். புதிய டிரெய்லர் பின்னால் ஆடாமல் வந்தது. பெருந்தெருவில் ஏறிய பிறகு சொன்னேன். “தனிய எண்டு என்னத்துக்குக் கேட்டனீங்கள்?”

“சும்மா. கேட்டு வைச்சால் என்ன.”

“எனக்குத் தனிய வேண்டாம்.”

“உம்மை யோசிச்சுத்தான்…”

“என்னை யோசிக்கிறதெண்டால் நீங்கள் இருங்கோ. அது காணும்.”

சொல்லிவிட்டேனே, சொன்னால் பலித்துவிடுமே என்று எனக்கு உடனே பயம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொன்னேன். அது பலித்தால் நல்லதுதானே. மோர்டென்ஸ்ருட் திருப்பம் வரும்வரை அவர் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்ததும் இறங்கிப் போய், புதிய வண்டிக்கு வைக்கிற மாதிரி நான்கு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். தேசிக்காயைக் காலையிலேயே ஜக்கற் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இது இந்தக் குளிர்காலம். பனி வேளைக்கே வந்துவிட்டது. வானை நான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் சூட்டில் இருக்கிறார், தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு. நான் பின்னுக்குத் தள்ளும்போது இறங்கி நின்று கையைக் காட்டுவார். கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரியும், என்றாலும் அவருடைய கையைப் பார்த்துத்தான் தள்ளுவேன். ட்ராக்டரில் ஏறி முற்றத்தைத் தள்ளுவது சில நாள் அவர், பல நாள் நான். படிகள் இன்னும் என் பங்குதான். எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. நித்திரையில்கூட எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறேன். அவருடைய கால் வீக்கம் குறையவில்லை, புதிய மாத்திரையின் அளவு கூடியிருக்கிறது. அதைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை.

போன வாரம் பியோர்ண்டாலில், வேலை முடிந்து ட்ராக்டரை ஏற்றிவிட்டுப் பலகையின் பக்கத்தில் நின்றோம். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். நாயோடு நடந்துவந்த ஒருவர் நின்று பார்த்தார். அந்தச் சங்கத்தில் குடியிருக்கிற வயதான நோர்வேஜியர். தனக்கும் முந்தி இப்படி ஒன்று இருந்தது என்றார். பிறகு எங்கள் மேல் இரக்கப்பட்டு, கையை நீட்டிக் காட்டிச் சொன்னார்:

“இதற்கு இரண்டு பேர் தேவையில்லையே. ஸ்பிரிங் இருக்கிறது. ஒராளே ஒரு கையால் தூக்கலாம்.”

என் கணவர் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சு ஒன்றை எடுத்துவிட்டு, பலகையின் விளிம்பைப் பிடித்தார்.

“இல்லை,” என்று அந்த மனிதருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னார். “இது சரியான பாரம்.”

நான் என் பக்கத்தைப் பிடித்தேன்.